அரிசி, பருப்பு, பாமாயில் மூன்றையும் ஒரே நாளில் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: கண்மாய்க்கரைத் தெரு குடும்ப அட்டைதாரர்கள்
பெறுநர்: வட்ட வழங்கல் அலுவலர் அவர்கள்
பொருள்: பகுதி நேர நியாய விலைக் கடையில் பொருட்கள் தவணை தவணையாக வழங்கப்படுதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாமிலும், ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை மனு நாளிலும், 1967 என்ற புகார் தொலைபேசி எண்ணிலும் முன்பே தெரிவித்த குறையைத்தான் மீண்டும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறோம். மனு முடித்துவைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது; பருப்பு வரவில்லை.

1. சமுதாயக்கூடத்தை ஒட்டிய எங்கள் கடை வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே திறக்கும் என்பது தாங்கள் அறிந்ததே.

2. அரிசி போடும் நாளில் பருப்பு இருப்பதில்லை. பருப்பு வரும் நாளில் பாமாயில் இருப்பதில்லை. காலை ஏழு மணிக்கே களை பறிக்கவும் சித்தாள் வேலைக்கும் வண்டியேறும் பெண்கள், அன்றைய கூலியை விட்டால்தான் கடைக்கு வர முடியும். கைரேகை வைக்க வேண்டியிருப்பதால் பக்கத்து வீட்டாரிடம் அட்டையைக் கொடுத்தனுப்பவும் வழியில்லை. ரூ.30-க்கு ஒரு கிலோ பருப்பும் ரூ.25-க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் வாங்குவதில் மிச்சமாகும் தொகையைவிட, அவற்றுக்காக இழக்கும் கூலியே அதிகம். கூலியை இழக்க முடியாதவர்கள் மளிகைக் கடையில் கால் கிலோவாகக் கடனுக்கு வாங்குகிறார்கள். அந்தக் கடன் வாரச் சம்பளத்தைத் தின்றுவிடுகிறது. அரிசிதான் இலவசமாகக் கிடைக்கிறதே என்கிறார்கள். வெறும் சோற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஐயா? மாதக் கடைசியில் கேட்டால் "ஸ்டாக் இல்லை", மறுமாதம் கேட்டால் "போன மாதக் கணக்கு முடிந்துவிட்டது". (உப்பும் தேயிலைத்தூளும் மட்டும் தீர்ந்ததாக நாங்கள் ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை.) எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம் என்ற பதிலும் கிடைத்தது. பேருந்துக்குக் காசு கொடுத்து அங்கே போனால், அந்தக் கடை அட்டைகளுக்குப் போக மிஞ்சினால் பார்க்கலாம் என்கிறார்கள்.

3. விற்பனையாளரைக் குறை சொல்லவில்லை. அவர் இன்னொரு கடையையும் சேர்த்துப் பார்க்கிறார். கிடங்கிலிருந்து வந்ததைத்தானே அவரால் கொடுக்க முடியும்?

4. 2024 மே மாதப் பருப்பையும் பாமாயிலையும் ஜூன் மாதத்தில் பெற்றுக்கொள்ள அரசே அனுமதித்தது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

ஆகவே, மூன்று பொருட்களையும் ஒரே நாளில், அதுவும் முழு நேரக் கடைகள் திறந்திருக்கும் முதல் இரண்டு ஞாயிறுகளில் ஒன்றில் வழங்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அதற்காக வார நாளில் ஒன்றைக் குறைத்தாலும் எங்களுக்குச் சம்மதமே. விடுபட்ட மாதத்துப் பருப்பை மறுமாதம் தர வேண்டும். இம்முறை குறுஞ்செய்தி வேண்டாம், ஐயா. ஒரே நாளில் மூன்று பொருளும் வேண்டும்.

இப்படிக்கு,
கண்மாய்க்கரைத் தெரு குடும்ப அட்டைதாரர்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கம்)