எங்க கம்மா தண்ணியையும் கணக்குல எடுங்க: வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

சேப்பாக்கம் எழிலகத்துல உக்காந்து தமிழ்நாடு பூரா எங்க மழை பேஞ்சுது எங்க பேயலன்னு பாத்துக்கிட்டு இருக்குற எல்லாருக்கும் வணக்கம். நான் ராமநாதபுரம் மாவட்டத்துல மானாவாரியா நெல்லும் கொஞ்சம் குண்டு மிளகாயும் போடுற ஆளு. வறட்சிய எப்படி கண்டுபிடிக்கிறீங்கங்குற விஷயத்துல, அதுலயும் எங்க கம்மா (கண்மாய், அதாவது ஏரி) தண்ணிய கணக்குல எடுக்காததுல எனக்கு ரொம்ப நாளா ஒரு மனக்குறை இருக்கு, அத சொல்லத்தான் இந்த மடல்.

2016 உங்களுக்கும் மறந்துருக்காது. அந்த வருஷம் வடகிழக்கு பருவமழை ஆரம்பிச்சதா அறிவிச்சதே அக்டோபர் 30 தான், அப்புறமும் வந்துச்சா, இல்ல. சீசன் முடிஞ்சு கணக்கு பாத்தா வழக்கத்த விட 62 சதவீதம் கம்மி. நாங்க புரட்டாசியில வெறும் புழுதியில விதச்சுட்டு வானத்த பாத்துக்கிட்டு இருந்தோம், வந்த ஒண்ணு ரெண்டு தூறல்ல முளச்சது கார்த்திகையிலயே கருக ஆரம்பிச்சுருச்சு, தப்பி நின்ன கொஞ்சநஞ்சமும் கதிர் வாங்குற நேரத்துல தண்ணி இல்லாம மணி பிடிக்காம சாவியா போச்சு. அரசு வறட்சின்னு அறிவிச்சது 2017 ஜனவரி 10. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி. நெல்லுக்கு ஏக்கருக்கு 5465 ரூபாய் நிவாரணம், நிலவரி தள்ளுபடி, நூறு நாள் வேலை 150 நாள்னு சொன்னாங்க, அதெல்லாம் உதவி தான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த தேதிக்குள்ள எங்க வீட்டு ரெண்டு மாடும் சந்தைக்கு போயிருச்சு, வைக்கோல் இல்லாம எத்தன நாள் கட்டி வைக்க முடியும் சொல்லுங்க. அறிவிப்பு கார்த்திகையிலயே வந்து தீவனமும் வந்துருந்தா அந்த மாடுங்க நின்னுருக்கும்.

தாமதத்துக்கு ஒரு காரணம் விதிமுறையிலயே இருக்கு. 2016 டிசம்பர்ல மத்திய அரசு போட்ட வறட்சி மேலாண்மை கையேட்டுப்படி காரிஃப் (தென்மேற்கு பருவமழைல விதைக்கிற) பருவத்துக்கு அக்டோபர் 30க்குள்ள, ரபிக்கு (குளிர்கால பருவத்துக்கு) மார்ச் 31க்குள்ள அறிவிக்கணும். இது ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை பேயுற ஊருக்கு பொருந்துற காலண்டர். எங்களுக்கு அக்டோபர் கடைசியில தான் மழையே ஆரம்பிக்கும், மார்ச்ல எங்க வயக்காடு வெறும் கட்டாந்தரை. எங்க பயிரோட உயிர் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி இந்த மூணு மாசத்துல தான் இருக்கு. மார்ச் வரைக்கும் டைம் இருக்குன்னு காத்திருக்காம நம்ம மாநிலத்துக்கு நம்ம பருவத்த வச்சு ஒரு காலண்டர் போட்டு, கார்த்திகை நடுவுலயே முதல் எச்சரிக்கைய விடலாமே.

அடுத்தது எத வச்சு அளக்குறீங்கங்குறது. முதல்ல மழை எவ்வளவு குறைஞ்சுது, எத்தன வாரம் காஞ்சுதுன்னு பாக்குறீங்க, அப்புறம் விதச்ச பரப்பு, சாட்டிலைட்ல தெரியுற பச்சை, மண்ணு ஈரம், அணை தண்ணி, நிலத்தடி தண்ணின்னு வரிசையா பாத்துட்டு கடைசியா கொஞ்சம் கிராமத்துல நேர்ல வந்து சரிபாக்குறீங்க. முறை நல்ல முறை தான். ஆனா எங்க ஊர்ல வந்து நின்னு பாருங்க. விதச்ச பரப்புன்னு எடுத்தா எந்த கெட்ட வருஷத்துலயும் முழுசா விதச்சதா தான் அடங்கல்ல (கிராம பயிர் கணக்குல) இருக்கும், ஏன்னா நாங்க மழைக்கு முன்னாடியே புழுதியில விதச்சுருவோம், மழை ஏமாத்துறது அதுக்கு அப்புறம். பச்சைன்னு எடுத்தா சீமைக்கருவேல காடு எப்பேர்ப்பட்ட வறட்சியிலயும் பச்சையா நிக்கும், வயலுக்கு நடுவுலயே மண்டிக் கிடக்கு, அத சரியா கழிச்சுட்டு தான் பாக்குறீங்களான்னு ஒரு தடவ சோதிச்சு பாருங்க. அணைன்னு எடுத்தா மேட்டூர்லயும் வைகையிலயும் எத்தன அடின்னு தினம் பேப்பர்ல வருது, எங்க கம்மாயில எத்தன அடின்னு எந்த பேப்பர்லயும் வர்றதில்ல.

நான் முக்கியமா கேக்க வந்தது இந்த கம்மா விஷயம் தான். தமிழ்நாட்டுல சுமார் 39,000 ஏரி, கம்மா இருக்கு, ராமநாதபுரம் சிவகங்கை பக்கம் நெல்லு விளையுறதே கம்மா தண்ணிய நம்பி தான். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைன்னு பேர் வாங்குன ராஜசிங்கமங்கலம் பெரிய கம்மாயும் இங்க தான் இருக்கு. ஐப்பசி கடைசியில கம்மா கால்வாசி கூட பெருகலன்னா அந்த வருஷம் வெள்ளாமை வீடு வந்து சேராதுன்னு எங்க ஊரு நீர்பாய்ச்சி (கம்மா தண்ணிய வயலுக்கு பாய்ச்சி விடுறவரு) கரையில நடந்துட்டு வந்தே சொல்லிருவாரு. அவரு சொல்றது தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய் சேர ஒரு வழி இல்ல. ஒவ்வொரு கம்மாயிலயும் மடைகிட்ட ஒரு அளவுகோல் கல்லு நட்டு, வாரம் ஒரு தடவ நீர்பாய்ச்சியோ தலையாரியோ மட்டத்த பாத்து போன்ல அனுப்புனா போதும். 1400 இடத்துல தானியங்கி மழைமானி வைக்கிற அரசுக்கு இது பெரிய செலவா?

மழைமானி பத்தியும் ஒரு வார்த்தை. ஒரு வருஷம் எங்க தாலுகா ஊர்ல நல்ல மழை, பதிவும் ஆயிருச்சு, எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்குற எங்களுக்கு மண்ணு கூட நனையல. நிவாரணம் கேட்டு போனப்ப ஒரு அதிகாரி ரெஜிஸ்டர காமிச்சு, உங்க பக்கம் மழை பேஞ்சுருக்கேன்னு சொன்னாரு. அவரு மேல தப்பு இல்ல, அவருகிட்ட இருந்த கணக்கு அவ்வளவு தான். கம்மா மட்டம் எழுதி இருந்தா அன்னிக்கே எங்க நெலம வெளிய தெரிஞ்சுருக்கும்.

மட்டம் இவ்வளவுக்கு கீழ போனா இத செய்யணும்னு முன்னாடியே எழுதி வச்சுருங்க. கார்த்திகையில குறைஞ்சா உடனே தீவனம், குறைஞ்ச நாள்ல விளையுற சிறுதானியம் பயறு விதை. தையில குறைஞ்சா ஊருணிய நம்பி இருக்குற ஊருக்கெல்லாம் கூட்டுக்குடிநீர் முறை வச்சு வரணும், கம்மாய்க்கு தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால் தூர்வார்ற வேலைய அப்பவே ஆரம்பிச்சுறணும், சித்திரை வரைக்கும் தள்ள வேணாம். 2017ல மாநிலம் 39,565 கோடி கேட்டு மத்திய அரசு 1748 கோடி தான் குடுத்துச்சு, அதனால டெல்லி பணத்துக்கு காத்திருந்து செய்யுற மாதிரி திட்டம் போடாதீங்க.

வர்ற புரட்டாசி விதைப்புக்கு முன்னாடி ஒரு பத்து கம்மாயிலயாவது அளவுகோல் கல்ல நட்டு பாருங்க. ஆள் அனுப்புனீங்கன்னா எங்க நீர்பாய்ச்சி கூடவே வந்து எந்த மடைகிட்ட நடணும்னு இடம் காட்டுவாரு, நான் பேசிட்டேன்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் மாவட்ட மானாவாரி விவசாயி