ஹெட் ஸ்டார்ட் யார் கையில்?

அன்புள்ள ராகவா,

கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் பள்ளிகளை நடத்துவது மாநிலங்கள்தானே, ஏழைக் குடும்பத்துச் சிறு பிள்ளைகளுக்கான மத்திய அரசின் முன்பள்ளித் திட்டமான ஹெட் ஸ்டார்டையும் அவற்றிடமே விட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். ஒரே தெருவில் மாநில மழலை வகுப்பும் ஹெட் ஸ்டார்டும் அதே நான்கு வயதுப் பிள்ளைக்குப் போட்டி போடுவதைப் பார்த்தால் கேள்வி சரிதான் என்று தோன்றும்.

ஆனால் 1965இல் திட்டத்தைத் தொடங்கியபோது அதிபர் ஜான்சன் அரசு மாநிலங்களை வேண்டுமென்றேதான் ஒதுக்கியது. மிசிசிப்பி போன்ற இடங்களில் ஆளுநர் கை வழியாகப் போனால் பணம் கறுப்பினக் குழந்தைகளை எட்டாது என்ற அச்சம். இன்றும் மானியம் வாஷிங்டனிலிருந்து நேரே உள்ளூர் அமைப்புக்குத்தான் போகிறது. செலவில் 80 சதவீதம் வரை மத்திய அரசு தரும். மீதி 20ஐ ரொக்கமாகவோ, கட்டடமாகவோ, தன்னார்வலர் உழைப்பாகவோ அந்த அமைப்பு திரட்ட வேண்டும்.

2003இல் ஹெட் ஸ்டார்டை எட்டு மாநிலங்களிடம் சோதனையாகக் கொடுக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 217க்கு 216 என்று தப்பிப் பிழைத்தது, சட்டமாகவில்லை. 2007 ஹெட் ஸ்டார்ட் சட்டம் மாநிலங்களில் ஆலோசனைக் குழுக்கள் அமைப்பதோடு நின்றுகொண்டது.

என் கவலை பணம் வரும் வடிவத்தைப் பற்றியது. 1996இல் ஏழைக் குடும்பங்களுக்கான நல உதவியை ஒரு நிலையான மொத்தத் தொகையாக மாநிலங்களுக்கு மாற்றினார்களே, ஆண்டுக்கு 1,650 கோடி டாலர். விலைவாசி எங்கோ போய்விட்டது, தொகை கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது. மாநிலம் 1994இல் செலவிட்டதில் 75 அல்லது 80 சதவீதத்தையாவது தொடர்ந்து போட வேண்டும் என்று நிபந்தனையும் இருந்தது. அதற்கும் விலைவாசி ஈடு கிடையாது. வேறு திட்டச் செலவை அந்தக் கணக்கில் காட்டிப் பல மாநிலங்கள் தப்பித்துக்கொண்டன.

ஹெட் ஸ்டார்டில் இது நடந்தால் வகுப்பறை கடைசியாகத்தான் அடிபடும், அது எல்லோர் கண்ணிலும் படும். மத்திய விதிகள் கேட்கும் மற்றவற்றைப் பார்: பிள்ளை சேர்ந்த 45 நாளில் கண், காது பரிசோதனை. 90 நாளில் மருத்துவ, பல் பராமரிப்பு நிலையை உறுதிசெய்தல். 10 சதவீத இடம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு. பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் கொள்கைக் குழு. மதிப்பெண்ணில் தெரியாத இவைதான் முதலில் கரையும். பழங்குடியினர், புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்கான பிரிவுகளை மாநிலத்திடம் தள்ளுவது இன்னும் மோசம். பழங்குடி அரசுகள் வாஷிங்டனோடு நேரடியாகப் பேசுபவை.

இனி எந்த வரைவு உன் கைக்கு வந்தாலும் நோக்கவுரையைத் தள்ளிவிட்டு மூன்று வரியைத் தேடு: தொகை ஆண்டுதோறும் உயருமா, மாநிலப் பங்குக்கு எது அடிப்படை ஆண்டு, மத்தியத் தரவிதிகளுக்கு மாநிலம் விலக்கு பெறலாமா. அடிப்படை ஆண்டு மந்தநிலை ஆண்டாக இருந்தால் உடனே எழுது; அந்த ஆண்டில் செலவு குறைந்திருந்தால் மாநிலம் போட வேண்டிய பங்கும் குறைந்துவிடும்.

அன்புடன்,
சுந்தரம்