இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வு நடந்து விடைத்தாள்களும் திருத்தியாகிவிட்டன. எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் பிள்ளைகள் நன்றாக முன்னேறியிருக்கிறார்கள். கலைத் திருவிழாவில் குறுவள மைய அளவில், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இடையே, சிலர் பரிசு வாங்கினார்கள். காலை உணவு தடையில்லாமல் நடக்கிறது. கழிப்பறைக் குழாய் மாற்றியாகிவிட்டது. பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் வாழ்த்துகள்.

அடுத்ததாக விளையாட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருள் வாங்கத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் ஒதுக்கீடு. நடுநிலைப் பள்ளிக்கு 10,000, அதற்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு 25,000 வரை. நம் பள்ளியில் 86 பிள்ளைகள். தலைக்கு 60 ரூபாய்கூட வராது. இரண்டு பந்து, ஸ்கிப்பிங் கயிறு, ரிங், கோன், ஒரு விசில் வாங்கினால் முடிந்தது. அந்தப் பந்தும் வேலியோரத்துக் கருவேல முள்ளில் பட்டால் அன்றோடு சரி.

ஆளும் கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநர் என்பதே ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். தொடக்கப் பள்ளிக்கு பி.டி. சார் பணியிடமே இல்லை. வகுப்பு டீச்சர்தான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விசில் ஊத வேண்டும். நம் டீச்சர்கள் ஊதுகிறார்கள்.

இந்த நிலைமை தெரிந்துதான் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்களே தீர்மானம் போட்டீர்கள். கல்லும் முள்ளுமாகக் கிடந்த பின்பக்கத்தை ஒரு தகப்பனார் தன் ஜேசிபியைக் கொண்டுவந்து சமன் செய்து கொடுத்தார். டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. சவுக்குக் கம்பு இரண்டு வந்தது, நட்டோம். சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுக் கோ-கோ ஆரம்பித்தோம். கோ-கோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதற்குப் பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். இரண்டு கம்பும் பிள்ளைகளும் போதும். நாட்டுப்புறத்து ஆட்டம்தானே என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் டில்லியில் முதல் உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது. ஆண்கள், பெண்கள் இரண்டு கோப்பையையும் இந்தியாதான் வென்றது.

கம்பு இருக்கிறது. பிள்ளைகள்தான் இல்லை.

புதன், வெள்ளி இரண்டு நாளும் கடைசிப் பீரியட் விளையாட்டு. மூன்றரைக்குத் தொடங்கி நான்கு பத்துக்கு முடியும். மூன்றே முக்காலுக்கெல்லாம் கேட்டுக்கு வெளியே வண்டிகள் வரத் தொடங்கிவிடுகின்றன. "பி.டி. பீரியட்தானே டீச்சர், கூட்டிட்டுப் போறேன்" என்று சிலர் உள்ளே வந்து கேட்கிறீர்கள். சிலர் கேட்பதும் இல்லை. ஆட்டோ வந்து இரண்டு ஹாரன் அடிக்கும், நான்கு பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். டியூஷன், ஹிந்தி கிளாஸ், அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி என்று ஆளுக்கொரு காரணம்.

இதனால் நடப்பதை ஒருநாள் நீங்களே வந்து பார்க்க வேண்டும். கோ-கோவில் எட்டுப் பேர் கோட்டில் வரிசையாகக் குந்தி உட்கார வேண்டும், ஒன்பதாவது ஆள் விரட்ட வேண்டும். நம் பிள்ளைகள் புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். எப்போது ஹாரன் அடிக்கும் என்று தெரியாதல்லவா! முதுகைத் தொட்டு 'கோ' கொடுக்க வேண்டிய பிள்ளை பையைத் தொட்டுக் கொடுக்கிறது. பையோடு எழுந்து ஓடிய மூன்றாம் வகுப்புப் பையன் போன மாதம் தண்ணீர் பாட்டில் தட்டிக் குப்புற விழுந்தான். வரிசையில் இரண்டு பேர் போய்விட்டால் ஆட்டம் நின்றுவிடும். மிச்சம் இருப்பவர்கள் கம்பைச் சுற்றி வருவார்கள், அல்லது மணலில் உட்கார்ந்து படம் போடுவார்கள். முதலில் காணாமல் போவது ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போகப்போகிறவர்கள். இப்போது ஓடாவிட்டால் பிறகு அவர்களை யார் ஓடச் சொல்லப்போகிறார்கள்?

உங்கள் சிரமம் தெரியாமல் எழுதவில்லை. தறிக்குப் போகிறவர்களுக்கும் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர்களுக்கும் நேரம் கையில் இல்லை. டியூஷனுக்குக் கட்டிய பணத்தை வீணாக்க யாருக்கும் மனம் வராது. பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் செய்கிறீர்கள். பி.டி. பீரியடை எடுத்துவிட்டு ஸ்போக்கன் இங்கிலீஷ் வைக்கலாமே என்று ஒரு தாய் கேட்டதும் அந்த ஆசையில்தான். ஆனால் 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு அசைய ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் கொடுப்பது வாரத்துக்கே 80 நிமிடம். அதிலும் பாதியைக் கேட்டால் நான் எதைக் கொடுப்பது?

பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது, கால் சரியில்லை என்று சொன்னவர்களும் உண்டு. அதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. அந்தப் பிள்ளைகளை ஓடவிட மாட்டோம். ரிங் போடுவார்கள், பாயிண்ட் எழுதுவார்கள், விசில் ஊதுவார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு ஐந்து வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அவரை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மைதானத்தில் நிற்கிற பிள்ளையைத்தான் யாராவது பார்க்க முடியும்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பருவம் தொடங்கும் நாளிலிருந்து நான்கு பத்து மணி அடிக்கும் முன் எந்தப் பிள்ளையும் கேட்டைத் தாண்டாது. உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் துக்கம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் பெற்றோர் நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டு அழைத்துப் போகலாம். டியூஷனுக்காக அனுப்ப மாட்டேன். ஹாரன் அடித்தால் அனுப்பவே மாட்டேன். பள்ளி நேரத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் நான். இதில் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சுக்கு இடமில்லை. கேட்டில் நிற்கும் டீச்சரிடம் யாரும் சத்தம் போட வேண்டாம். என் அறைக்கு வாருங்கள், பேசுவோம்.

எங்கள் பக்கத்திலிருந்தும் செய்ய வேண்டியதைச் செய்கிறோம். ஆட்டோ ஓட்டுநர்கள் இருவரிடமும் பேசியாகிவிட்டது. நான்கு பத்துக்கு மேல் வருவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். டியூஷன் எடுக்கும் அக்காவும் அந்த இரண்டு நாள் மட்டும் கால் மணி நேரம் தள்ளி ஆரம்பிக்கிறேன் என்றிருக்கிறார். வெயில் அதிகமாக இருக்கும் நாளில் புங்கமரத்தடியில் ரிங்கும் ஸ்கிப்பிங்கும் மட்டும்தான்.

ஜேசிபி கொடுத்தவர், கம்பு கொண்டுவந்தவர், முள் வெட்ட ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வந்தவர்கள், விழுந்த பையனை மடியில் போட்டு மஞ்சள் பத்துப் போட்ட காலை உணவுச் சமையல் அம்மா, எல்லாருக்கும் பள்ளியின் நன்றி. 5,000 ரூபாயில் நடக்கக்கூடியதற்கு மேல் இங்கே நடந்திருக்கிறதென்றால் அது உங்களால்தான். நேரத்துக்கு வந்து கேட்டோரம் பொறுமையாக நிற்கும் பெற்றோரும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இந்தக் கடிதம் உங்களுக்கானது அல்ல என்று தெரியும். இருந்தாலும் படித்ததற்கு நன்றி.

ஜனவரி 26 அன்று கொடியேற்றம் முடிந்ததும் விளையாட்டு விழா. பெற்றோருக்கும் ஓட்டப் பந்தயம் உண்டு. கீழே உள்ள சீட்டில் கையெழுத்திட்டுப் பள்ளி திறக்கும் அன்று பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி

பி.கு.: மைதானத்தில் விட்டுப்போன மூன்று தண்ணீர் பாட்டில், ஒரு டிபன் பாக்ஸ் மூடி, இடது கால் செருப்பு ஒன்று அலுவலகத்தில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.