செயலாளரின் ஆண்டறிக்கை: ஞாயிறு காலைப் பரிசோதனையை நிறுத்த வேண்டாம்

தலைவர் அவர்களுக்கும் சங்க உறவுகளுக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள், பொங்கல் விழா, சிறுவர் விளையாட்டுப் போட்டி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதிகம் சொல்ல விரும்புவது டெங்கு பற்றி.

நம் ஒழுங்கையில் காய்ச்சல் குறைந்துவிட்டதே, இனி ஞாயிறு காலை வீடு வீடாகப் போய் நுளம்பு பெருகும் இடங்களைப் பார்ப்பது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மலேரியாவுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர்தான். இனிப் பயமில்லை என்று மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சம் பேரைத் தாண்டியது. மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைக்க 2016 ஆகிவிட்டது. சின்னமுத்தும் 2019இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டு, 2023இல் கொழும்பிலேயே மறுபடி தலைகாட்டியது. உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் நோய் விமானம் ஏறி வரும். ஊசி தவறிய பிள்ளையைப் பிடிக்கும். ஒன்பதாம் மாத ஊசியும் மூன்று வயது ஊசியும் போட்டாயிற்றா என்று பிள்ளைகளின் அட்டையை இன்றே பாருங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு ஞாயிறு எங்களோடு வந்தார். வடிகாலைத்தான் பார்ப்பார் என்று நினைத்தோம். அவரோ மூன்றாம் மாடி வீடொன்றில் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டை இழுத்தார். டோர்ச் வெளிச்சம் பட்டதும் அதில் தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. அவ்வளவு துப்புரவான சமையலறை அது! டெங்கு நுளம்புக்குத் தேங்கிய தெளிந்த நீர் கொஞ்சம் போதும். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள்தான். வாராவாரம் பார்ப்பது அதனால்தான். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டிய முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். புகை அடித்தால் பறக்கிற நுளம்பு சாகும், குடம்பி சாகாது.

காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம். காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்கில் ஆபத்து கூடியது. வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக்கசிவு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி. மலசலகூடத் தொட்டியில் நீர் அப்படியே நிற்கிறது. அவர்களோடு தொடர்புள்ளவர்கள் சாவிக்கு ஒரு வழி செய்து தாருங்கள். ஒவ்வொரு தொடர்மாடியிலும் மொட்டைமாடியையும் பீலியையும் பார்க்க ஒருவர் வேண்டும். பெயர்களை இந்தக் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் தாருங்கள்.