மூலபுருஷர் ஈசிசேரில் உட்கார்ந்திருக்கிறார்

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் நலம். அகிலாவுக்கு ஏழாம் மாசம் தொடங்கிவிட்டதால் உடம்பை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் உன் குடும்பப்பெயரைத் தேடிப் பார்த்தாராம். உலகத்திலேயே சில பேருக்குத்தான் அது இருக்கிறதாம். எந்த வம்சம், எந்த ஊர்ப் பூர்வீகம் என்று அவர் கேட்டதாகவும், அப்பாவிடம் கேட்டுச் சொல்லும்படியும் போனில் சொன்னாய். கேட்டேன். அவர் ஈசிசேரில் சாய்ந்தபடி பேப்பரை இறக்காமலே, "மூலபுருஷர் நான்தான்னு சொல்லு. பூர்வீகம் பழைய வண்ணாரப்பேட்டை" என்றார். விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் உண்மை. போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

உன் தாத்தா முனுசாமி. அவர் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை உன் அப்பா, அதனால் ஏழுமலை. நம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு ஏழுமலை இருப்பார். காசிமேட்டில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் வலை பின்னுகிறவர், ஐஸ் உடைக்கிறவர், மீன் ஏலம் விடுகிறவர் என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அபூர்வமாக இருப்பது பெயர் இல்லை, அதன் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டல். 'ழ'வுக்கு சிலர் இசட்-எச் போடுவார்கள், சிலர் எல் போடுவார்கள். முன்னால் இ போட்டால் போதும். ஆனால் நாம் வாயால் 'யேழுமலை' என்றுதானே சொல்கிறோம், அதைக் கேட்டு அப்பாவின் பள்ளிக்கூடத்தில் யாரோ முன்னால் ஒரு ஒய் போட்டார்கள். கடைசியில் ஏ-ஐ வர வேண்டிய இடத்தில் இன்னொரு ஒய். 1973இல் எஸ்எஸ்எல்சி புத்தகம் கைக்கு வந்தபோது ஒய்யில் தொடங்கி ஒய்யில் முடிகிற ஒரு ஏழுமலை உண்டாகிவிட்டார். துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் புத்தகம்தான் சான்று. சர்வீஸ் புக், பி.எஃப்., ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் அது அப்படியே ஏறிக்கொண்டது. உன்னைப் பள்ளியில் சேர்த்தபோது இனிஷியல் ஒய். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்ற கட்டத்தில் அதையே முழுசாக விரித்து எழுதினோம். தமிழில் நீ ஏ. சரவணன், இங்கிலீஷில் ஒய். சரவணன். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் உன் நண்பர் கண்டுபிடித்த அபூர்வம்.

திருத்தியிருக்கலாமே என்பாய். உனக்குத் தெரியும், நான் ஹைகோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடையில்தான் காலம் தள்ளினேன். பெயர் மாற்றத்துக்கு அஃபிடவிட் அடித்து அடித்து விரல் தேய்ந்தது. பழைய பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, விலாசம், கடைசியில் "இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவேன்" என்று ஒரு வரி. அது அரசிதழில் வந்த பிறகு அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்க வேண்டும். ஒரு எழுத்துக்காக பென்ஷன் நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். "ஏழுமலையும் எலுமலையும் ஒரே நபர்தான்" என்று சத்தியம் செய்து முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுவார்கள், பாவம். அதனால் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் அதைத் தொடக் கூடாது என்பது என் கொள்கை. ஒரே மாதிரி இருக்கிற தப்பு யாரையும் கஷ்டப்படுத்தாது.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். அந்தச் சில பேரில் உன் சித்தப்பா பிள்ளைகள் இருக்கிறார்களா என்றால், இல்லை. தனசேகர் சித்தப்பா மகனுக்கு அப்பா பெயர் தனசேகரன், அவன் இனிஷியல் டி. பெரியப்பா பிள்ளைகளுக்கு கே. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள், ஒரே முற்றத்தில் விளையாடினவர்கள், ஆனால் கணக்கெடுப்புக்காரர் கண்ணுக்கு ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள். உன் அக்காவும் கல்யாணத்துக்கு அப்புறம் பாஸ்போர்ட்டில் மாப்பிள்ளை பெயரைப் போட்டுக்கொண்டாள். மறுபக்கம், தர்மபுரியிலோ வேலூரிலோ வேறொரு வாத்தியார் இதே மாதிரி இரண்டு ஒய் போட்டிருந்தால், நமக்கு யாரென்றே தெரியாத ஒருவர் உன் 'வம்சத்தில்' சேர்ந்துவிடுவார். உறவெல்லாம் வெளியே, அந்நியரெல்லாம் உள்ளே. இந்தக் கணக்கை வைத்து பூர்வீகம் தேடினால் எங்கே போய் நிற்பது?

எதிர்வீட்டுத் தெலுங்கு அத்தையின் வீட்டில் இப்படி இல்லை. அவர்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து இன்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர். தாத்தாவுக்கும் பேரனுக்கும் அது மாறாது. அவர்களுக்கு உன் நண்பரின் கேள்வி பொருந்தும். நம் எழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி ஒற்றை எழுத்தும் புள்ளியும்தான்.

உன் சித்தி மகள் புள்ளியியல் படிக்கிறாள் அல்லவா, அவளிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அரை மணி நேரம் விடவில்லை. அமெரிக்காவில் 2000ஆம் வருஷக் கணக்கெடுப்பில் 60 லட்சத்துக்கும் மேல் குடும்பப்பெயர்கள் பதிவானதாம். அதில் ஏறக்குறைய 65 சதவீதம், அதாவது சுமார் 40 லட்சம் பெயர்கள், ஆளுக்கு ஒன்று! ஒரே ஒருவருக்கு மட்டும் உள்ள பெயர்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள பெயர்கள் ஏழே ஏழு. 2010இல் ஸ்மித்துகள் மட்டும் 24 லட்சத்துக்கு மேல். ஆக, ஆட்களை எண்ணினால் ஸ்மித்துகள் எங்கும் இருக்கிறார்கள். பெயர்களை எண்ணினால் அபூர்வம்தான் சாதாரணம். அந்த 40 லட்சத்தில் எத்தனை பேர் நம்மைப் போல அப்பா பெயரைக் கட்டத்தில் அடைத்தவர்கள், எத்தனை வெறும் எழுத்துப்பிழை, யார் கண்டது? டைப் அடித்தவள் என்கிற முறையில் எனக்கு ஒரு யூகம் உண்டு.

அவள் இன்னொன்றும் சொன்னாள். இங்கிலாந்தில் பெரிய குடும்பத்துப் பெயர்கள் அற்றுப்போவதைப் பார்த்து கால்டன் என்பவர் 1873இல் ஒரு கேள்வி போட்டாராம். வாட்சன் என்ற பாதிரியார் அதற்குக் கணக்குப் போட்டார். ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஒரு ஆண் பிள்ளைதான் என்றால், காலம் போகப் போக அந்தப் பெயர் அழிந்தே தீருமாம். எல்லாப் பெயரும் அழியும் என்று வாட்சன் ஒரு படி மேலே போய்விட்டார், அது தப்பு என்று பிற்பாடு திருத்தினார்கள். பிள்ளைகள் பெருகினால் சில பெயர்கள் தப்பிக்கும். அதனால்தான் ரொம்பக் காலமாக ஒரே குடும்பப்பெயரை வைத்திருக்கிற நாடுகளில் பெயர்கள் குறைந்து, மிஞ்சினது பெருத்துவிடுகிறது. சீனாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வாங், லி, ஜாங் என்ற மூன்றில் ஒன்று. அப்படிப் பார்த்தால் ஒரு பெயர் அபூர்வமாக இருக்க இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அது சாகப்போகிற பழைய பெயர். இல்லை, நேற்றுப் பிறந்த பெயர். நம்முடையது இரண்டாவது. உன் நண்பர் முதலாவது என்று நினைத்துவிட்டார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் நானும் கடைப் பெண்களும் சில நாள் அரண்மனைக்காரன் தெருவில் உள்ள ஆர்மீனியர் கோயிலுக்குள் போய் உட்காருவோம். 1772இல் கட்டினது. மரநிழலும் அமைதியும் இருக்கும். தரையெல்லாம் கல்லறைக் கற்கள், நடந்தால் மிதிக்காமல் இருக்க முடியாது. அந்த ஜனங்களின் பெயர் பெரும்பாலும் 'யான்' என்று முடியும். அதுவும் அப்பன் தாத்தன் பெயர்தான். பெட்ரோஸின் வழி வந்தவர் பெட்ரோசியான். ஏதோ ஒரு தலைமுறையில் அது உறைந்து நின்றுபோயிற்று. டென்மார்க்கிலும் அப்படியே. பிள்ளைக்கு அப்பன் பெயர் மாறிக்கொண்டே வந்தது, 1828இல் ராஜா ஆணை போட்டு நிலையான குடும்பப்பெயர் வைக்கச் சொன்னார். அதனால் யென்சன், நீல்சன், ஹான்சன் என்று நாடே நிறைந்திருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர்களோ இன்னும் நம் மாதிரிதான்.

நமக்கு ராஜா ஆணை எதுவும் வரவில்லை. பாஸ்போர்ட் படிவம் வந்தது. தனசேகர் சித்தப்பா மகன் அந்தக் கட்டங்களுக்குப் பயந்து தன் பெயர் மொத்தத்தையும் சர்நேமில் போட்டுவிட்டான். அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாது என்பதற்கு எஃப்-என்-யு என்று அடித்துக் கொடுத்தார்கள். முதல் ஆபீசில் அவனை 'ஃப்னு' என்றே கூப்பிட்டார்களாம்.

ஒரு விஷயம் உன் நண்பருக்கு விளங்காது, ஆனால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் தாத்தாவுடைய அப்பாவின் பத்திரம் பீரோவில் இருக்கிறது. அதில் அவர் பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் உண்டு. தாத்தா காலத்துப் பத்திரத்தில் இல்லை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வழக்கம் தமிழ்நாடு முழுக்கப் பரவிற்று. தாத்தா மாநாட்டுக்கெல்லாம் போனவர் இல்லை, ஊரோடு ஒத்து விட்டுவிட்டார். விடாமல் இருந்திருந்தால் உன் குடும்பப்பெயர் லட்சக்கணக்கானவர்களோடு சேர்ந்து, ஒரு வார்த்தையில் நீ யார் என்பதையும் சொல்லியிருக்கும். சாதி போனது நல்லதுக்குத்தான், ஆனால் கட்டம் காலியாகக் கிடந்தது. அதில் அப்பாக்களின் பெயர்கள் வந்து உட்கார்ந்தன. அதனால்தான் தமிழர்களின் 'குடும்பப்பெயர்' பட்டியல் முருகன், செல்வம், கிருஷ்ணன் என்று ஓடுகிறது. சாதி தெரியாதது ஒரு குறையென்று எவராவது உன்னிடம் சொன்னால் அவரோடு பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்.

உன் ஆயா கடைசி வரை தாத்தா பெயரைச் சொன்னதில்லை. கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது, கோயில் சாமியின் பெயரை ஜாடையாகச் சொல்லி, என்னை அழைத்து மீதியைச் சொல்லச் சொன்னார். நானும் உன் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது, டைப் அடித்திருக்கிறேன், அவ்வளவுதான். அகிலாவை ஆபீசில் மிஸஸ் ஏழுமலை என்கிறார்களாமே! நியாயப்படி அந்தப் பட்டம் என்னுடையது, என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. மருமகள் மாமனார் பெயரைச் சூடிக்கொண்டு அமெரிக்காவில் நடமாடுவதை ஆயா கேட்டிருந்தால் மயக்கம் போட்டிருப்பார். அப்பாவுக்கு உள்ளுக்குள் பெருமைதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்.

இனி பிள்ளை விஷயம். அங்கே ஆஸ்பத்திரியிலேயே பிறப்புப் படிவத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்கிறாய். நம் முறைப்படி பிள்ளைக்குப் பின்னால் சரவணன் வர வேண்டும். அப்படி வைத்தால் அப்பன் ஆத்தாள் ஒரு பெயர், பிள்ளை வேறு பெயர், விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பாய். அந்த ஊர் முறைப்படி வைத்தால் உன் அப்பா பெயர் மூன்றாவது தலைமுறைக்குப் போய் நிஜமாகவே குடும்பப்பெயர் ஆகிவிடும். அப்பா இரண்டாவதைத்தான் விரும்புகிறார், கேட்டால் "அவங்க இஷ்டம்" என்பார். என்னைக் கேட்டால் முதலில் அகிலாவைக் கேள். பெரம்பூரில் அவள் அப்பாவுக்கு அவள் ஒரே பெண். நடுப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதாமே, அதில் அவர் பெயர் உட்காரலாம். உன் அக்காவுக்கு நாம் அப்படி ஒன்றும் செய்யவில்லை, அந்தக் கட்டமும் நம்மிடம் இல்லை.

எது வைத்தாலும் சரி, ஏழுமலை என்று போடுவதாக இருந்தால், படித்த பிள்ளை ஆயிற்றே என்று எழுத்தைத் திருத்தி எழுதாதே. உன் பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படி, இரண்டு ஒய்யோடு. கையெழுத்துப் போடுவதற்கு முன் படிவத்தை போட்டோ எடுத்து அனுப்பு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அப்பாவின் கண் ஆபரேஷன் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது, கவலைப்பட ஒன்றும் இல்லை. பணம் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
அம்மா