நோயாளியின் எடை கிலோகிராமில் மட்டுமே எழுதப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் செவிலியராகப் பணியாற்ற விரும்பி, அந்நாட்டின் உரிமத் தேர்வான என்கிளெக்ஸுக்குத் தயாராகும் இளம் செவிலியர்கள் தமிழகத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்தளவுக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். பவுண்டில் கொடுக்கப்பட்ட எடையைக் கிலோகிராமாக மாற்றி, அதற்குரிய மருந்தை மில்லிகிராமில் காண்பது அத்தேர்வில் வழக்கமாக வரும் கணக்கு. பயிற்சி வகுப்புகளில் இது மதிப்பெண் வாங்கித் தரும் எளிய கணக்காகவே பார்க்கப்படுகிறது. நோயாளியின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்றை நாம் அவ்வளவு இலேசாகக் கடந்துவிடக் கூடாது என்பதும், பவுண்டே புழங்காத நம் ஊர் வார்டுகளிலும் இதே ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது என்பதும் என் கருத்து.

கணக்கைப் பொறுத்தவரை அதில் சிக்கல் எதுவும் இல்லை. ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் 1959இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோகிராம். செவிலியர் பணியில் ஒரு கிலோவுக்கு 2.2 பவுண்டு என்று வைத்துக்கொண்டு, பவுண்டை 2.2ஆல் வகுக்கிறோம். சில மாணவியர் 2.2 போதுமா, 2.2046 என்று போட வேண்டுமா என்று வெகுநேரம் கவலைப்படுகிறார்கள். எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்த வேறுபாடு சுமார் 150 கிராம். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் அதைவிட அதிகமாக எடை கூடியிருக்கும். கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடுவது, ஒருவர் ஏற்கெனவே மாற்றி எழுதியதை அடுத்த பணிமுறையில் வருபவர் மீண்டும் மாற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாக அலகே இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் எழுதிவைப்பது ஆகியவைதான் நோயாளிக்குத் தீங்கு செய்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தையின் எடை 22 பவுண்டு, அதாவது 10 கிலோ. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 150 மில்லிகிராம் தர வேண்டும். கேஸ் ஷீட்டில் 22 என்று மட்டும் எழுதப்பட்டு, அடுத்து வருபவர் அதைக் கிலோ என்று படித்துவிட்டால் 330 மில்லிகிராம் ஆகிவிடும். பெரியவர்களிடம் இத்தகைய பிழை பெரும்பாலும் பிடிபட்டுவிடும். 154 பவுண்டு எடையுள்ள நடுத்தர உடல்வாகு கொண்டவரின் தாளில் 154 கிலோ என்று இருந்தால் படுக்கையைப் பார்க்கும் எவருக்கும் சந்தேகம் வரும். குழந்தைகளிடம் அப்படியில்லை. 22 கிலோ என்பது ஆறேழு வயதுப் பிள்ளைக்கு முற்றிலும் இயல்பான எடை என்பதால், மருந்தறையில் இருந்துகொண்டு தாளை மட்டும் பார்ப்பவருக்கு அந்த எண் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. பாராசிட்டமாலில் ஒரு வேளை கூடுதலாகிப் போனாலும் குழந்தை தப்பிக்க வாய்ப்புண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், கடும் வலிக்கான மார்ஃபின், இதய மருந்தான டைகாக்சின், இரத்த அழுத்தத்தை உயர்த்தத் தீவிர சிகிச்சையில் நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று ஓடும் டோபமின் போன்றவற்றில் இரண்டு மடங்குக்கும் மேல் போனால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மருந்து கூடிப்போவதைப் பற்றியே நாம் பேசுகிறோம். குறைந்துபோவது அதைவிட எளிதில் கண்ணில் படாமல் போகிறது. கிலோவில் எழுதப்பட்ட 10 என்ற எடையைப் பவுண்டு என்று நினைத்து 2.2ஆல் வகுத்தால் நான்கரைக் கிலோ என்று வரும். வலிப்புடன் வந்த அந்தக் குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் 200 மில்லிகிராம் ஃபெனிடாயின் போக வேண்டிய இடத்தில் 90 மில்லிகிராம்தான் போகும். வலிப்பு நிற்காதபோது, நோய் கடுமையானது என்று எண்ணி அடுத்த மருந்துக்குப் போவார்களே தவிர, எடைக் கட்டத்தைத் திரும்பிப் பார்க்க அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

பவுண்டோடு அவுன்சும் சேர்ந்து வரும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். எனவே 5 பவுண்டு 12 அவுன்ஸ் எடையுள்ள பச்சிளங்குழந்தையை 5.75 பவுண்டு என்று எழுதி வகுத்தால் ஏறத்தாழ 2.61 கிலோ. பத்தின் அடுக்கிலேயே பழகிய நம் பிள்ளைகள் அவசரத்தில் அதை 5.12 என்று எழுதிவிட்டால் 2.33 கிலோ. இவ்விரண்டு எண்களுக்கும் நடுவில்தான் 2.5 கிலோ என்ற எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே பிறந்த குழந்தை எடை குறைந்த குழந்தை என்று வகைப்படுத்தப்படும். ஒரு புள்ளியைத் தவறாக வைத்ததால் ஒரு குழந்தையின் மருந்தளவு மட்டுமன்றி, அதைப் பற்றிய மருத்துவ மதிப்பீடே மாறிப்போகிறது.

இதைப் படிக்கும் வாசகர்கள், நாம்தான் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறைக்கு வந்துவிட்டோமே, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் பேச்சு வழக்கைக் கவனியுங்கள். குழந்தை பிறந்தவுடன் எடை கேட்டால் 'ரெண்டு எழுநூறு' என்கிறோம், அது 2.700 கிலோ. எடைப்பொறி 2 கிலோ 70 கிராம் காட்டியதை ஒருவர் 'ரெண்டு எழுபது' என்று வாயால் சொல்ல, இன்னொருவர் காதால் கேட்டு 2.70 என்று எழுதினால், 2.070 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 630 கிராம் கூடிவிடுகிறது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எழுதப்பட்டிருந்தால் பத்தரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போக வேண்டியது பதின்மூன்றரையாகிவிடும். சிறுநீரகம் இன்னும் முழுமையாக முதிராத பச்சிளங்குழந்தைக்கு, செவியையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடிய மருந்தில் இந்தக் கூடுதல் அற்பமானதன்று. பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் எடையை 2070 கிராம் என்று முழு எண்ணாகக் கிராமில் எழுதுவதே சிறந்தது. அங்கே புள்ளியே இல்லாததால் புள்ளி இடம்மாறவும் வழியில்லை. தசமப் புள்ளிக்குப் பின் தேவையில்லாத சுழியம் போடக் கூடாது என்பதும், ஒன்றுக்குக் குறைந்த எண்ணில் புள்ளிக்கு முன் சுழியம் இல்லாமல் எழுதக் கூடாது என்பதும் மருந்தளவு எழுதுவதில் உலகெங்கும் வலியுறுத்தப்படும் விதிகள். 1.0 மில்லிகிராம் 10ஆகவும், .5 மில்லிகிராம் 5ஆகவும் படிக்கப்படுவதைத் தடுக்கவே அவை வகுக்கப்பட்டன.

நான் நேரில் பார்த்த ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் மாணவியருடன் இருந்தபோது, பேட்டரி மாற்றிய டிஜிட்டல் எடைப்பொறியில் ஐந்து மாதக் குழந்தையைக் கிடத்தினார்கள். திரையில் 13.2 என்று வந்தது. பணியிலிருந்த செவிலியர் அதை அப்படியே எழுதப் போனார். குழந்தையின் தாய்தான், 'போன வாரம் ஆறு கிலோன்னு சொன்னீங்களே சிஸ்டர்' என்றார். எடைப்பொறியைத் திருப்பிப் பார்த்தபோது அடியில், பேட்டரி மூடிக்குப் பக்கத்தில், அலகு மாற்றும் ஒரு சிறு பொத்தான் இருந்தது. பேட்டரி மாற்றியபோது அது அழுந்தி, கருவி பவுண்டுக்கு மாறியிருந்தது. திரையின் ஓரத்தில் பவுண்டைக் குறிக்கும் எல்பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் எறும்பளவில் தெரிந்தன. 13 கிலோ என்பது இரண்டரை வயதுப் பிள்ளையின் எடை. பிறந்தபோது இருந்த எடை ஐந்தாம் மாதத்தில் ஏறத்தாழ இரு மடங்காகவும், ஓராண்டில் மும்மடங்காகவும் ஆகும் என்று முதலாண்டிலேயே படிக்கிறோம். அந்தப் பாடத்தை எடைப்பொறியின் முன்னால் நிற்கும்போது நினைவுக்குக் கொண்டுவருவதுதான் உண்மையான கணக்குப் பயிற்சி என்று நான் நம்புகிறேன். அந்தச் செவிலியரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கிலோ மட்டுமே காட்டும் எடைப்பொறியை வாங்கியிருக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

எடையை நிறுக்காமல் கேட்டு எழுதும் வழக்கமும் நம்மிடம் உண்டு. கேஷுவால்ட்டியில் உடன் வந்தவரிடம் எடை கேட்டால், 'ஒரு அம்பத்தஞ்சு இருக்கும்' என்பார். அது எழுதப்பட்டவுடன் உத்தேசம் என்பது மறைந்து, அளந்த எடைபோலவே தாளிலிருந்து தாளுக்குப் பயணப்படும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்து கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90 மில்லிகிராமுக்கு மேற்படாமல் தரப்படுவது. எடையைக் கூட்டிச் சொன்னால் மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடும். குறைத்துச் சொன்னால் கட்டி கரையாமல் போகலாம். எழுந்து நிற்க முடியாத நோயாளியை நிறுக்கப் படுக்கை எடைப்பொறி தேவை. அது இல்லாத இடங்களில் 'உத்தேச எடை' என்ற சொல்லாவது எண்ணின் பக்கத்தில் இருக்க வேண்டும். (எல்லா மருந்தும் எடையைப் பொறுத்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. பாம்புக்கடிக்கான நச்சுமுறி மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். பாம்பு செலுத்தும் நஞ்சின் அளவு கடிபட்டவரின் எடையைப் பார்த்து மாறுவதில்லை.)

பவுண்டிலேயே வாழும் அமெரிக்காவிலும் தீர்வு எந்தத் திசையில் தேடப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. அந்நாட்டின் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டு நிறுவனம் 2014இல் மருத்துவமனைகளுக்கு வெளியிட்ட பரிந்துரைகளில், நோயாளியின் எடையை மெட்ரிக் அலகில் மட்டுமே அளந்து எழுத வேண்டும் என்பதும், எடைப்பொறிகள் அந்த அலகை மட்டுமே காட்டும்படி அமைக்கப்பட வேண்டும் என்பதும் இடம்பெற்றன. செவிலியரை இன்னும் கவனமாக வகுக்கச் சொல்வதோடு நிற்காமல், படுக்கையருகே வகுக்க வேண்டிய தேவையே வராமல் செய்வதுதான் அதன் நோக்கம். பெற்றோர் பவுண்டில் தெரிந்துகொள்ள விரும்பினால் சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்துச் சொல்லலாம். பதிவேட்டில் மட்டும் அது ஏறக் கூடாது.

தமிழக அரசின் சுகாதாரத் துறையும் தனியார் மருத்துவமனைகளும் இதையே பின்பற்ற வேண்டும் என்பது என் வேண்டுகோள். 'எடை' என்று எழுதிக் கோடு மட்டும் போட்டிருக்கும் கேஸ் ஷீட்டுகளில், கோட்டின் முடிவில் கி.கி. என்றும், பச்சிளங்குழந்தைகளுக்கான தாளில் கிராம் என்றும் அச்சிடுவதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. எடை பார்த்த தேதியை எழுத ஒரு கட்டம் வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் எடுத்த எடையை வைத்து இன்று மருந்து கணக்கிடுவது, வேகமாக வளரும் குழந்தையிடமும் உடலில் நீர் கோத்த நோயாளியிடமும் தவறாகப் போகும். அலகு மாற்றும் பொத்தான் உள்ள கருவிகளில் அதை நிரந்தரமாக மூடிவிட வேண்டும். அபாயம் மிகுந்த ஊசி மருந்துகளில் இரண்டாவது செவிலியர் சரிபார்க்கும்போது, முதலாமவர் போட்ட விடையைப் பார்த்துத் தலையசைக்காமல், எடையிலிருந்து தொடங்கித் தனியாகக் கணக்கிட வேண்டும். ஆள் பற்றாக்குறையால் ஒரே செவிலியர் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கும் இரவுகளில் இது நடைமுறையில் நடப்பதில்லை என்பதையும் நான் அறிவேன். அதனால்தான் போதிய செவிலியர் நியமனத்தை மருந்துப் பாதுகாப்பிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்கிறேன்.

வெளிநாட்டுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வகுத்து முடித்ததும் விடையை மனத்தால் ஒருமுறை சோதியுங்கள். பவுண்டைப் பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறையக் கிலோ கிடைக்கும். 154இல் பாதி 77, அதில் 7.7 போனால் 69.3. கணிப்பொறி 70 காட்டினால் சரி, 339 காட்டினால் பெருக்கிவிட்டீர்கள் என்று பொருள். இடையில் முழுமைப்படுத்தாமல் கடைசி விடையில் மட்டும் முழுமைப்படுத்துங்கள். 3 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள குறைமாதக் குழந்தையின் 1.477 கிலோவை நடுவழியில் 1 என்று ஆக்கினால் மருந்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வரும் பேரக்குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் தாத்தா பாட்டிமாருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பிள்ளையின் மருத்துவக் குறிப்பில் 26 பவுண்டு 4 அவுன்ஸ் என்று இருக்கும். டாக்டரிடம் 'இருபத்தாறு' என்று சொல்லிவிடாதீர்கள், அது 12 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அங்கே வாங்கிய பாராசிட்டமால் சிரப்பின் அட்டையில் 24 முதல் 35 பவுண்டு வரை 5 மில்லி என்று போட்டிருப்பது, 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் உள்ள மருந்துக்கு. அந்தப் பாட்டில் தீர்ந்து இங்கே கடையில் வாங்குவது 5 மில்லிக்கு 125 மில்லிகிராமாகவும் இருக்கலாம், 250ஆகவும் இருக்கலாம்; கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். பழைய அட்டையின் 5 மில்லியை நம்பி 250 சிரப்பைக் கொடுத்தால் குழந்தைக்குக் கிலோவுக்கு 21 மில்லிகிராம் போய்விடும். சொட்டு மருந்தில் 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் ஆகிவிடும். ஆகவே குழந்தைக்கு இங்கேயே ஒருமுறை எடை பார்த்து, கிலோவைச் சொல்லி, வாங்கிய பாட்டிலையும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டி, எத்தனை மில்லி தருவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செவிலியர் பயிற்றுநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.