கழற்றுவதற்கும் நிதி ஒதுக்குங்கள்

நாடக அரங்குகள், அருங்காட்சியகங்கள், கலைவிழாக்கள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கும் அவற்றுக்கு நிதி வழங்கும் அமைப்புகளுக்கும்,

வணக்கம். பல வாரங்கள் உழைத்துக் கட்டிய அரங்கச் சுவர்களும் மேடைகளும் இறுதிக் காட்சி முடிந்த சில மணி நேரத்தில் உடைபட்டுக் குப்பை வண்டியில் ஏறுவதற்குக் கலைஞர்களின் அலட்சியத்தைக் காரணமாகச் சொல்வது எளிது, அது நியாயமன்று. கட்டுவதற்கு நாட்களும் பணமும் ஒதுக்கும் உங்கள் மதிப்பீடு, கழற்றுவதற்குப் பெரும்பாலும் எதையும் ஒதுக்குவதில்லை. விடிவதற்குள் அரங்கைக் காலி செய்ய வேண்டிய தச்சருக்குத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற நேரம் ஏது?

ஆகவே ஒவ்வொரு தயாரிப்பின் வரவுசெலவுத் திட்டத்திலும் கழற்றும் பணிக்கான கூலியும் நேரமும் தனித் தலைப்பாக இடம்பெற வேண்டும் என்றும், நிதி வழங்குவோர் அதை ஏற்கத்தக்க செலவாகக் கருத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு தலைப்பு இருந்தால் வடிவமைப்பும் தானாக மாறும்: பசையிட்ட இணைப்புகளின் இடத்தில் போல்ட்டுகள் வரும்; பலகைகளை முழு அளவிலேயே பயன்படுத்தத் தோன்றும்; பிசின் பூசியபின் எதற்கும் உதவாத தெர்மாகோல் சிற்பங்கள் குறையும். பிரிட்டனில் 2021இல் வெளிவரத் தொடங்கிய ‘தியேட்டர் கிரீன் புக்’ வழிகாட்டி, ஒரு தயாரிப்பின் பொருட்களில் 50 விழுக்காடு மறுபயன்பாடு அல்லது மறுசுழற்சி வழியே வர வேண்டும், 65 விழுக்காடு அதே வழியில் வெளியேற வேண்டும் என்று அடிப்படை அளவை வகுத்திருக்கிறது. எட்ட முடியாத இலக்கு என்று இதை நான் நினைக்கவில்லை.

பழைய பொருட்களை மீண்டும் பயன்படுத்த அருங்காட்சியகத்தார் தயங்குவதற்குக் காரணம் உண்டு. மரப்பலகைகளும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைகளும் வெளிவிடும் அமில ஆவி, மூடிய காட்சிப் பேழைக்குள் இருக்கும் ஈயப் பொருட்களை அரிக்கும். அதனால்தான் வெள்ளி, ஈயம், செம்புத் துண்டுகளுடன் பொருளை 60 டிகிரி செல்சியஸில் 28 நாட்கள் வைத்து, அந்த உலோகங்கள் அரிபடுகின்றனவா என்று பார்க்கும் ‘ஆடி’ (Oddy) சோதனை நடைமுறையில் உள்ளது. ஆனால் அந்தக் கண்டிப்பு பேழையின் உட்புறத்துக்கு உரியது; பார்வையாளர் நடமாடும் கூடத்தின் தற்காலிகச் சுவர்களையும் பீடங்களையும் அதே காரணம் சொல்லி எறிவதை ஏற்க இயலாது. போத்தல் மூடிகளைச் செம்புக் கம்பியால் பிணைத்துச் சிற்பி எல் அனட்சூயி உருவாக்கும் மாபெரும் திரைகளை வியந்து காட்சிக்கு வைக்கும் கூடங்கள், அவற்றுக்காக எழுப்பிய சுவர்களின் கதியையும் எண்ணிப் பார்க்கலாம். மீண்டும் பயன்படுத்தும் மேடைப் பொருட்களில் தீத்தடுப்புப் பூச்சை மீண்டும் சோதிக்க வேண்டியிருக்கும். அதையும் மதிப்பீட்டில் சேர்த்தால் போதும்.

அடுத்தது, கழற்றிய பொருட்களைச் சேர்த்துவைத்துப் பிறருக்கு வழங்கும் கிடங்கு. நியூயார்க்கில் 1978இல் தொடங்கிய ‘மெட்டீரியல்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்’ நன்கொடைப் பொருட்களைத் திரட்டிப் பள்ளிகளுக்கும் கலை அமைப்புகளுக்கும் இலவசமாக வழங்கிவருகிறது. இத்தகைய கிடங்குகளுக்கு இடத்தைவிட ஆட்களே முக்கியம். அளவும் தடிமனும் முன்பு பூசிய பூச்சும் குறிக்கப்படாத பலகையை எந்த வடிவமைப்பாளரும் நம்பி எடுக்க மாட்டார். குப்பைக் கட்டணத்தை மிச்சப்படுத்த உடைந்தவற்றை நன்கொடை என்று அனுப்புவதும் கூடாது.

இன்னொன்று, காட்சி முடிந்தபின் அரங்க அமைப்பு யாருக்கு உரியது என்பது கூட்டுத் தயாரிப்புகளில் பல வேளைகளில் தெளிவாக இருப்பதில்லை; அனுமதி கேட்டுக் கடிதம் போய்ச் சேருவதற்குள் குப்பை வண்டி வந்துவிடுகிறது. அந்த உரிமையையும், பொருட்களை யாருக்குக் கைமாற்றலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போதே எழுதிவிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரங்க அமைப்புப் பணியாளர் ஒருவர்